பதினேழாவது கேள்வி

சித்தே நகந்து உக்காருங்க கண்ணு. இந்தத் தூக்குவாளிய நேரா வெக்கணும், சாஞ்சா நெய் சேலையில ஊத்திரும். ஆங், போதும் போதும். ஒப்புட்டுங்க, போளிம்பாங்களே அதுதான். நேத்து ஆடி ஒண்ணில்லீங்களா, அதுக்குச் சுட்டது. நீங்க ஒண்ணு எடுத்துக்குங்க. வேண்டாமா? அட, கூச்சப்படாதீங்க. சரி, பொறவு பசிச்சாச் சொல்லுங்க.

இது மலுமிச்சம்பட்டிக்குப் போகுமில்லீங்க? கண்டக்டரு போகும்னாரு, ஆனா அவரு என் மூஞ்சியப் பாக்காமயே சொன்னாரு. நாங்க கணபதிப் பக்கம். இந்தப் பக்கமெல்லாம் நான் வந்ததே இல்ல. எங்க ஊட்டுக்காரரு கம்பெனி அங்கதான் இருக்குது. நான் வர்றது அவருக்குத் தெரியாது. சொல்லல. சொன்னா வேண்டாம்பாரு.

கழுத்துல அட்டை தொங்குது, ஆபீஸ் வேலைங்களா? உங்களுக்கு இன்டர்வியூ வெச்சுத்தான் எடுத்தாங்களா? "பழைய வேலைய ஏன் விட்டீங்க?"ன்னு கேட்டாங்களா? ஓ, இதுதான் மொத வேலையா. அப்பக் கேட்டிருக்க மாட்டாங்க. நீங்க குடுத்து வெச்சவங்க. எங்கள அந்த ஒரு கேள்விதாங்க மூணு மாசம் படுத்தி எடுத்துச்சு. நோட்டுல அது பதினேழாவது கேள்வி.

மொதல்ல இருந்து சொல்றேன். உக்கடத்துக்கிட்ட எப்படியும் வண்டி நின்னுதான் போகும்.

எங்க ஊட்டுக்காரரு பம்பு கம்பெனியில ஸ்டோர்ஸ் இன்சார்ஜா இருந்தாருங்க. பத்தொம்பது வருசம். எந்தப் பேரிங்கு எந்தத் தட்டுல இருக்குதுன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவாரு. வெளிய பேச மாட்டாரு, பரம சாது. ஆனா பொழுதோட ஊட்டுக்கு வந்தாருன்னா கால் கழுவறதுக்குள்ள ஆரம்பிச்சுருவாரு. யாரு என்ன சொன்னா, எந்த லோடு திரும்பி வந்துச்சு, மொதலாளி மருமகன் என்ன கூத்துப் பண்ணுனாரு, எல்லாம். நடிச்சே காட்டுவாரு. நான் தட்டக் கையில வெச்சுட்டுச் சிரிச்சுட்டு நிப்பேன். அப்பெல்லாம் நான் டி.வி.ல சீரியலே பாத்ததில்லீங்க.

அந்த மருமகன் வெளிநாட்டுல படிச்சுட்டு வந்தவரு. வந்த ஒடனே ஸ்டோர்ஸ்ல ஒரு கம்ப்யூட்டரு வாங்கி வெச்சாரு. பொருளு மேலயெல்லாம் கோடு கோடாச் சீட்டு ஒட்டினாரு. அதுல இவருக்குக் கொஞ்சம் சடவு, மனத்தாங்கல். வெளிய காட்டிக்க மாட்டாரு, ஊட்டுல வந்து எங்கிட்டச் சொல்லிச் சிரிப்பாரு, அத்தோட முடிஞ்சுது.

போன ஆயுத பூஜைக்குங்க. நம்ம பக்கம் கம்பெனியில பூஜைன்னா குடும்பத்தோட வரச் சொல்லுவாங்க, உங்களுக்கே தெரியும். மிசினெல்லாம் கழுவித் தொடச்சு, சந்தனம் வெச்சு, வாழக்கன்னு கட்டியிருப்பாங்க. பொம்பளைங்களுக்கு ஆளுக்கொரு பொரி கடலைப் பை, ஸ்வீட்டுப் பெட்டி. நானும் வருசா வருசம் போவேன், பையை வாங்கிட்டு வாயத் தொறக்காம வந்துருவேன். போன வருசம் மொதலாளியே பக்கத்துல வந்து, "என்னம்மா, சவுக்கியமா? நாச்சிமுத்து ஊட்டுல கம்பெனியப் பத்தி என்ன சொல்றாப்ல?"ன்னு கேட்டுப்போட்டாரு. ஒரு பெரிய மனுசன் மதிச்சுக் கேட்டா பதில் சொல்லணுமில்லீங்களா?

சொன்னேன். "உங்க மருமகனோட கம்ப்யூட்டரு தேடி முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு தடவ எடுத்துக் குடுத்துட்டு டீயும் குடிச்சுட்டு வந்துருவேன்னு சொல்லுவாருங்க"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சரி, சிரிக்கறாங்களேன்னு, அந்த மருமகன் வந்த புதுசுல நட்டக் காட்டிப் பேரிங்குன்னு சொன்னதையும் சொன்னேன். எங்க ஊட்டுக்காரரு எப்படிச் செய்வாரோ அதே மாதிரி, கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கி உட்டாப்ல செஞ்சு காட்டினேன். பாலக்காட்டுல இருந்து வந்த டீலருங்க ரெண்டு பேரு, சிரிச்சுச் சிரிச்சு அவங்களுக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. மருமகன் மட்டும் பொரிய ஒவ்வொண்ணா எடுத்து வாயில போட்டுட்டு இருந்தாரு. எங்க ஊட்டுக்காரரு பூசணிக்கா ஒடைக்க எடம் பாக்கறேன்னு வெளிய போயிட்டாரு. அவரப் பத்திப் பெருமையாப் பேசினா அவருக்கு ஆகாதுங்க, அப்படியொரு கூச்சம்.

கடைசியா, "இவரு இல்லீன்னா உங்க கம்பெனி ஒரு நாள் ஓடாதுங்க"ன்னும் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுத்தான் வந்தேன். புருசனுக்காக இப்படி முன்னால நின்னு பேசறதுக்கு இந்தக் காலத்துல யாருங்க இருக்கறாங்க?

பன்னெண்டே நாளு. தீபாவளி நெருக்கத்துல, மத்தியானம் பன்னெண்டரை மணிக்கு ஊட்டுக்கு வந்து நின்னாரு. சாப்பாட்டு டப்பா தொறக்காம அப்படியே இருக்குது. "வேலைய விட்டுட்டேன்"னாரு. ஏனுங்கன்னேன். "விட்டுட்டேன்"னாரு. சண்டையாங்கன்னேன். தலைய ஆட்டினாரு, ஆமாங்கறாரா இல்லைங்கறாரான்னே தெரியல. சட்டையக் கழட்டி மாட்டிப்போட்டு, அந்த டப்பாவத் தொறந்து வெச்சுச் சாப்பிட ஆரம்பிச்சுட்டாரு. நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தேன்.

எனக்குப் பொறவு புரிஞ்சு போச்சு. திருஷ்டி. அத்தன பேரு முன்னால ஒரு மனுசனப் பத்தி அப்படிப் பெருமையாப் பேசலாங்களா? தப்பு எம்மேலதான், ஒத்துக்கறேன். அன்னைக்கே உப்பு மொளகா சுத்தி அடுப்புல போட்டேன். மொளகா நெடியே வரல கண்ணு, அவ்வளவு திருஷ்டி. அவரும் எனக்கு முன்னால வந்து நின்னாரு, பாவம்.

என்னங்க? பூஜையன்னைக்கு நான் பேசினதுதான் காரணமா இருக்குமோங்கறீங்களா? அதைத்தானே நானும் சொல்றேன். ஓசூர்ல இருக்கற எங்க மககிட்டயும் போன்ல எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னேன். ரெண்டு நிமிசம் சத்தமே இல்ல. அங்க டவரு சரியில்லீங்க.

சரி, போனது போச்சுன்னு சும்மா இருக்க முடியுங்களா? நாப்பத்தேழு வயசு. அந்த வயசுல போயி வேலை கேட்டு நிக்கணும். கடைசியா அவரு இன்டர்வியூவுக்குப் போனப்ப மொதலாளி கேட்டது ஒரே கேள்வி, "எந்த ஊரு?" அவ்வளவுதான், மறுநாளே வேலை. இப்ப அப்படியா? நான் போன்ல தேடிப் பாத்தேன். இன்டர்வியூவுல வழக்கமாக் கேக்கற கேள்விகள்னு போட்டா வந்துட்டே இருக்குதுங்க, ஒருத்தரு கோட்டு சூட்டுப் போட்டுட்டுச் சொல்றாரு, ஒரு பொண்ணு சிரிச்சுட்டே சொல்றா. எல்லாத்தையும் பாத்து, நூத்தித் தொண்ணூத்திரண்டு பக்க நோட்டு ஒண்ணு வாங்கி, இருபத்தஞ்சு கேள்வி எழுதினேன். பதிலும் நானே எழுதினேன். அவரு எழுதினா ஒரு வரிக்கு மேல வராது.

எழுதினா ஆச்சா, பழகணுமில்ல? தெனமும் காலையில பத்து மணிக்கு இன்டர்வியூ. சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நான் உக்காந்துக்குவேன். அவரு பேண்ட் சட்டை போட்டு, ஷூ போட்டு, பைலக் கக்கத்துல வெச்சுட்டு ஊட்டுக்கு வெளிய நிக்கணும். நான் பேரு சொல்லிக் கூப்புடணும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்துல நான் அவரப் பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்லீங்க. ஏனுங்க, இங்க பாருங்க, அவ்வளவுதான். மொத நாளு உள்ள இருந்து, "மிஸ்டர் நாச்சிமுத்து!"ன்னேன். வரவே இல்ல. எட்டிப் பாத்தா மனுசன் தெருவ ரெண்டு பக்கமும் பாத்துட்டு நிக்கறாரு. வேற யாரோ கூப்புடறாங்கன்னு நெனச்சுட்டாராம்.

எனக்கும் மொதல்ல நாக்குச் சுளுக்கிட்டாப்ல இருந்துச்சு. நாலு நாள்ல பழகிப் போச்சு. பழகினப்பறம், உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, எனக்கு அது பிடிச்சுப் போச்சுங்க. மிஸ்டர் நாச்சிமுத்து, உள்ள வாங்க. மிஸ்டர் நாச்சிமுத்து, உக்காரச் சொன்னேனா? திரும்பிப் போயி மறுக்கா வாங்க. ஒரு நாளு பதினாலு தடவ வெளிய அனுப்பினேன். எதிர்வீட்டு ஜோதியக்கா பாத்துட்டு, "ஏன் வசந்தாமணி, அண்ணன உள்ள விட மாட்டீங்கறயா?"ன்னு கேட்டாங்க. "பயிற்சிங்க"ன்னேன். அவங்க எதையோ புரிஞ்சுட்டுப் போனாங்க.

மொதக் கேள்வி, உங்களப் பத்திச் சொல்லுங்க. அவரு, "உனக்குத் தெரியாததா?"ங்கறாரு. நான் இப்ப உங்க ஊட்டுக்காரி இல்ல, மேனேஜருன்னேன். யோசிச்சு யோசிச்சு, "நான் நாச்சிமுத்துங்க. ஸ்டோர்ஸ்ல இருந்தேனுங்க"ன்னாரு. பத்தொம்பது வருசத்துக்கு ரெண்டே வரி. நான் ஒண்ணரைப் பக்கம் எழுதி வெச்சிருந்தேன்.

உங்க பலம் என்னன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு, "நீதான்"னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. போற எடத்துல மேனேஜரப் பாத்து நீதான்னு சொன்னா அந்த மனுசன் என்ன நெனப்பாரு? அடிச்சுப்போட்டுக் கடின உழைப்புன்னு எழுதினேன். உங்க பலவீனம் என்னன்னா, "யாரயும் எதுத்துப் பேச வராது"ங்கறாரு. அது பலவீனமாங்க? நல்ல குணம். நான் பதினோரு பலவீனம் யோசிச்சு வெச்சிருந்தேன், குறட்டை, ஈரத் துண்டக் கட்டல்ல போடறது, யாரு கேட்டாலும் இல்லைங்காம வண்டியக் குடுத்துர்றது, இப்படி. ஆனா பலவீனத்தக்கூட நல்லதாத் தெரியற மாதிரி சொல்லணும்னு அந்தக் கோட்டுக்காரரு சொன்னாரு. அதனால "நான் வேலையில நேரம் போறதே தெரியாம இருந்துருவேன்"னு எழுதிக் குடுத்தேன். சம்பளம் எவ்வளவு எதிர்பாக்கறீங்கன்னு கேட்டா, "நீங்க பாத்துக் குடுங்க"ங்கறாரு. கல்யாண ஊட்டுல பந்தி பரிமாறறவன்கிட்டப் பேசற மாதிரி. அதத் திருத்தறதுக்கு மட்டும் ஒரு வாரமாச்சு.

எல்லாம் ஒரு வழிக்கு வந்துச்சு. பதினேழாவது மட்டும் வரல. பழைய வேலைய ஏன் விட்டீங்க? இதக் கேட்டாப் போதும், செம்ப எடுத்துத் தண்ணி குடிக்க ஆரம்பிச்சுருவாரு. ஏழு பதில் எழுதினேன் கண்ணு. புதுசாக் கத்துக்கணும்னு ஆசை, அது ஒண்ணு. இன்னும் பெரிய பொறுப்பு வேணும், அது ஒண்ணு. போக வர தூரம்னு ஒண்ணு. எதையும் சொல்ல மாட்டீங்கறாரு. "அதெல்லாம் பொய்யி"ங்கறாரு. சரி, நெசம் என்ன, அதையாவது சொல்லுங்க, எழுதறேன்னேன். மறுக்கா தண்ணி. ஒரு நாளு கோவத்துல செம்பத் தூக்கி அடுக்களையில வெச்சுட்டு வந்து கேட்டேன். எந்திரிச்சுப் போயிக் குழாயில குடிச்சாரு.

உக்கடமா இது? நெரிசலப் பாருங்க. பாலம் கட்டினா சரியாயிரும்னாங்க. நல்லதாப் போச்சு, கதை முடியறதுக்கு நேரமிருக்குது.

மொத இன்டர்வியூ அரசூர் பக்கம். எல்லாம் தலைகீழா மனப்பாடம் பண்ணியிருந்தாரு. ஒண்ணாம் நம்பர் பதில், ரெண்டாம் நம்பர் பதில்னு வரிசையா. அவங்க என்ன பண்ணிப்போட்டாங்க, ஒம்பதாவது கேள்விய மொதல்ல கேட்டுட்டாங்க. இவரு ஒண்ணாம் நம்பர் பதிலச் சொல்லிட்டாரு. அடுத்து நாலாவதக் கேட்டிருக்காங்க, இவரு ரெண்டாவதச் சொல்லியிருக்காரு. உங்களுக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டதுக்கு, "அஞ்சு வருசம் கழிச்சு இதே கம்பெனியில பெரிய பொறுப்புல இருப்பேனுங்க"ன்னாராம். கேள்வித்தாள்ல இருக்கற வரிசையில கேக்காதது யாரு தப்பு? நான் போன் போட்டு அந்தக் கம்பெனியவே கேட்டேன். அந்தப் பொண்ணு, சார்கிட்டச் சொல்றேங்கன்னுச்சு. அப்பறம் எத்தன தடவ கூப்புட்டும் எடுக்கல.

ரெண்டாவது எடத்துல வரிசை மாத்திக் கேட்டாலும் சொல்ற அளவுக்குத் தேத்தி அனுப்பினேன். எல்லாத்துக்கும் டான் டான்னு சொல்லியிருக்காரு. கடைசியில பதினேழக் கேட்டுட்டாங்க. இவரு, "குடிக்கத் தண்ணி கெடைக்குங்களா?"ன்னாராம். குடுத்தாங்க. குடிச்சாரு. அவங்க பதிலுக்குக் காத்துட்டு இருந்திருக்காங்க. இவரு இன்னொரு டம்ளர் கேட்டாராம்.

அன்னைக்கு நான் நெம்பப் பேசிப்போட்டேன் கண்ணு. என்னென்னவோ சொன்னேன். மறுநாளு நான் ரேசன் கடைக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், அடுக்களையில இருந்த டப்பாவெல்லாம் எறக்கித் தொடச்சு, தட்டுக்குத் தட்டு நம்பர் எழுதி ஒட்டி அடுக்கி வெச்சிருக்காரு. கடுகு மூணாந்தட்டு ரெண்டு. சீரகம் மூணாந்தட்டு மூணு. பருப்பு டப்பாவுல ஒரு சீட்டு, எப்ப எடுத்தாலும் எழுதணுமாம். "தேடற நேரம் மிச்சம்"னாரு. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. பொறவால போயித் துணி தொவைக்கற கல்லுக்கிட்ட நின்னேன் பாருங்க, அங்க அழுகை வந்துருச்சு. இந்த மனுசனுக்கு ஒரு ஸ்டோர்ஸ் இல்லாம எப்படின்னு அழுதேன். குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதேன், கேக்கக் கூடாதுன்னு.

மூணாவதுதான் இந்த மலுமிச்சம்பட்டிக் கம்பெனி. பழைய கம்பெனிக்கு லாரி ஓட்டின ஒருத்தரு சொல்லி விட்டாரு. பொங்கல் முடிஞ்ச நாலாம் நாளு போனாரு. போனப்பறம் பாக்கறேன், நோட்டு பிரிட்ஜு மேல கெடக்குது! எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. போன் பண்ணினா எடுக்கல. போச்சு, இதுவும் போச்சுன்னு உக்காந்துட்டேன்.

சாயந்திரம் வந்தாரு. வேலை கெடைச்சுருச்சுன்னாரு.

சந்தோசந்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா என்ன கேட்டாங்க, என்ன சொன்னீங்கன்னு தெரியணுமில்லீங்களா? மூணு மாசம் உழைச்சது நானு. சோத்தப் போட்டு வெச்சுட்டு ஒவ்வொண்ணாக் கேட்டேன். டேவிட் சார்னு ஒரு மேனேஜராம். ஸ்டோர்ஸுக்கே கூட்டிட்டுப் போயிக் காட்டி, எப்படி அடுக்குவீங்கன்னு கேட்டாராம். இவரு அடுக்கியே காட்டியிருக்காரு. கம்ப்யூட்டரு தெரியுமான்னதுக்கு, "சொல்லிக் குடுத்தா கத்துக்குவேனுங்க"ன்னாராம். எல்லாம் முடிஞ்சு எந்திரிக்கறப்பக் கேட்டிருக்காரு, பழைய வேலைய ஏன் விட்டீங்கன்னு.

"நீங்க என்ன சொன்னீங்க?"ன்னேன்.

"குடும்ப சூழ்நிலைன்னு சொன்னேன்"னாரு.

குடும்ப சூழ்நிலை! நோட்டுல எங்கயாவது இருக்குதா அது? பள்ளிக்கூடத்துப் பசங்க லீவு லெட்டருல எழுதறது. நான் எழுதின ஏழு பதில விட்டுட்டுப் போயி இதச் சொல்லியிருக்காரு. "அதுக்கு அந்த சார் என்ன கேட்டாரு?"ன்னேன். "இப்பச் சரியாயிருச்சான்னு கேட்டாரு"ன்னாரு. "நீங்க?" "அது சரியாகாதுங்க சார், ஆனா எனக்கு அதுல வருத்தமில்லீங்கன்னு சொன்னேன்"னாரு. டேவிட் சாரு ரொம்ப நேரம் சிரிச்சாராம். "எங்க ஊட்டுலயும் அதே சூழ்நிலைதாங்க, நாளைக்கே வந்துருங்க"ன்னாராம்.

இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குதுங்க? நீங்களும் சிரிக்கறீங்க.

அன்னையில இருந்து யோசிக்கறேன், எங்க குடும்பத்துல என்ன சூழ்நிலை? மாமியாரு போய்ச் சேந்து ஆறு வருசமாச்சு. மக கல்யாணம் முடிஞ்சு ஓசூர்ல நல்லா இருக்குது, மாப்பிள்ளை தங்கமான பையன். கடன் கிடன் ஒண்ணுமில்ல. யாருக்கும் சீக்கு இல்ல. மிச்சம் இருக்கறது நானு. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அவருகிட்டக் கேட்டா, "விடு, வேலை கெடைச்சுதில்ல"ங்கறாரு.

வேலைக்குப் போனப்பறம் ஆளே மாறிப் போயிட்டாருங்க. கம்பெனியப் பத்தி ஒரு பேச்சுப் பேசறதில்ல. என்னாச்சுங்க இன்னைக்குன்னா, "நல்லாருக்குது." யாருங்க கூட வேலை செய்யறதுன்னா, "நல்ல பசங்க." கம்பெனி எங்க இருக்குதுன்னா, "அந்தப் பக்கம்." சேந்தப்பக் குடுத்த காலண்டருல அட்ரஸ் போட்டிருந்துச்சு, அதனால எனக்குத் தெரியும். சாப்புடறாரு, கை கழுவறாரு, படுக்கறாரு. ஊடு கம்முனு இருக்குது. புது வேலை, அலுப்பா இருக்கும். நான் இப்பச் சீரியல் பாக்க ஆரம்பிச்சுட்டேன். முன்ன அவரு நடிச்சுக் காட்டறதுல பாதிகூட இல்ல அது.

ஒரே ஒரு நாளு, போன மாசம், வாய் தவறிச் சொல்லிட்டாரு. டேவிட் சாரு கண்ணாடியத் தலைக்கு மேல ஏத்தி விட்டுட்டு, கண்ணாடியக் காணோம்னு ஸ்டோர்ஸ் முழுக்கத் தேடினாராம். எல்லாருக்கும் தெரியுது, யாரும் சொல்லலியாம். எந்திரிச்சு நின்னு, தலைய இப்படித் தடவிட்டு, நடிச்சுக் காட்ட ஆரம்பிச்சாரு. எட்டு மாசம் கழிச்சு மறுக்கா எங்க ஊட்டுக்காரரு வந்துட்டாருன்னு எனக்கு அப்படியொரு சந்தோசம். டக்குன்னு நிறுத்திப்போட்டாரு. என்னையப் பாத்தாரு. "இத யாருகிட்டயும் சொல்லிப்போடாத"ன்னாரு. நான் யாருகிட்டங்க சொல்லப் போறேன்?

இது ஈச்சனாரியா? ஒரு நிமிசம், கும்பிட்டுக்கறேன். பிள்ளையாரப்பா, நீதான் பாத்துக்கணும்.

இப்ப எதுக்குப் போறேன்னா, ஆறு மாசம் தற்காலிகம்னு சொல்லித்தான் எடுத்தாங்க. வர்ற திங்கக்கெழம முடிவு சொல்றாங்க, நெரந்தரமா இல்லையான்னு. டேவிட் சாரு கையிலதான் இருக்குது. பத்து நாளா இவரு சரியாச் சாப்புடறதில்ல. நேத்து ஒப்புட்ட ஒண்ணோட நிறுத்திட்டாரு, எப்பவும் அஞ்சு உள்ள போகும். "இதுவும் போச்சுன்னா இனிமே ஒருத்தன் வாசல்லயும் போயி நிக்க மாட்டேன்"னாரு. மெதுவாத்தான் சொன்னாரு.

நானும் யோசிச்சுப் பாத்தேன். வேலையில அவரக் குறை சொல்ல ஒண்ணுமில்ல. என்ன ஒண்ணு இடிக்குது? அந்தக் குடும்ப சூழ்நிலைதான். ஊட்டுல ஏதோ பிரச்சனை இருக்குது, அதனால இந்த ஆளு இங்கயும் நிக்க மாட்டான்னு அந்த சாரு நெனச்சுட்டா? அதும் சரியாகாத சூழ்நிலைன்னு வேற இவரு சொல்லி வெச்சிருக்காரு. ஒரு மனுசன் தப்பா நெனச்சுட்டு இருக்கறத நேருல போயிச் சரி பண்ணிரணுமில்லீங்களா?

சும்மா போகல கண்ணு, தயார் பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன். இங்க பாருங்க, அதே நோட்டு. கடைசிப் பக்கம். அவரு என்ன கேப்பாரு, நான் என்ன சொல்லணும், எல்லாம் எழுதியிருக்கேன். போன ஒடனே ஒப்புட்டக் குடுத்தர்றது. பேச்ச ஆரம்பிக்கறப்ப அவங்க மனசு லேசாகற மாதிரி ஏதாவது சொல்லணும்னு அந்தக் கோட்டுக்காரரு சொல்லியிருக்காரு. அதுக்கு அந்தக் கண்ணாடிக் கதைய வெச்சிருக்கேன். செஞ்சும் காட்டலாம்னு இருக்கேன். பொறவு எங்க ஊட்டுக்காரரு பெருமைய நாலு வார்த்தை. அவரு வர்றதுக்கு முந்தி அந்த ஸ்டோர்ஸ் குப்பைமேடு மாதிரி கெடந்ததுன்னு அந்த லாரிக்காரரு சொன்னாரு, அதையும் சொல்லணும். கடைசியா, எங்க குடும்பத்துல ஒரு சூழ்நிலையும் இல்லீங்க சார்னு தெளிவாச் சொல்லிப்போட்டு வந்துருவேன்.

இந்தத் தடவ உசாராத்தான் இருக்கேன். பெருமை பேசி முடிச்ச ஒடனே சுத்திப் போடறதுக்கு உப்பும் மொளகாயும் பொட்டலம் கட்டிக் கையோட எடுத்துட்டு வந்திருக்கேன்.

ஏங்கண்ணு, மூஞ்சி ஏன் இப்படிப் போயிருச்சு? தண்ணி வேணுமா? இதே பஸ்ஸுல திரும்பிப் போயிர்றதா? எதுக்கு? இவ்வளவு தூரம் வந்துட்டு? திங்கக்கெழம கழிச்சுப் போயி என்ன பிரயோசனம், அதுக்குள்ள முடிவாயிருமே.

மலுமிச்சம்பட்டியா கண்டக்டரே? எறங்கோணுங்க, எறங்கோணும்! கைய விடுங்க கண்ணு, வண்டி எடுத்துருவான். நல்ல பொண்ணு நீங்க, இவ்வளவு பாசமா ஒருத்தரும் என் கையப் புடிச்சதில்ல. ஒண்ணும் கவலப்படாதீங்க. நான் நெறைய பேசக்கூட வேண்டியதில்ல. டேவிட் சாரு என்னைய ஒரு தடவ நேருல பாத்தாருன்னா, எங்க குடும்ப சூழ்நிலை என்னன்னு அவருக்கே தெரிஞ்சு போயிரும்.